ஆறிய பின்

பிப்ரவரி 3

ஒன்றும் நடக்காத நாள். இப்படிப்பட்ட நாள்களைத்தான் முதலில் மறக்கிறேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

பட்டறைக்கு இன்று இரண்டு லாரி பழைய கார் பேட்டரிகள் வந்தன. காரை ஓட்டத் தெம்பில்லை என்று கழித்துப்போட்டவை. "ஓடத்தான் முடியாது. உக்காந்து வேலை பார்க்கச் சொன்னா இன்னும் பத்து வருஷம் பார்க்கும்" என்கிறார் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்). அவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் கட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லதை மட்டும் ஒரு பெரிய கன்டெய்னருக்குள் அடுக்குகிறோம். பட்டறையில் அந்தக் கட்டுக்குச் செங்கல் என்று பேர். கனமும் அப்படித்தான்.

ஊருக்கு வெளியே இருக்கும் சூரியத் தகடுகள் மதியத்தில் தேவைக்கு மேல் மின்சாரம் தருகின்றன. எல்லோரும் வீடு திரும்பி விளக்குப் போடும் நேரத்தில் அவை கண்ணை மூடிவிடுகின்றன. நடுவில் நிற்பது கன்டெய்னர். மதியத்தை வாங்கிவைத்துச் சாயங்காலத்துக்குக் கொடுக்கிறது.

காலம் என்றால் என்ன என்று பல்கலைக்கழகத்து மொழியியல் துறையில் மூன்று வருடம் ஆய்வு செய்தேன். முடிக்காமல் வந்துவிட்டேன். இங்கே அதைப் பெட்டியில் அடைக்கிறார்கள். இதை நட்டுவிடம் சொன்னேன். அவர் செங்கற்களை அடுக்கில் மாட்டுகிறவர்; வாயில் எப்போதும் இரண்டு நட்டுகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் அந்தப் பேர். நட்டுகளை எடுக்காமலே சொன்னார்: "நீ எழுதுற வேலையைப் பாரு, அச்சு."

அச்சு நான்தான். அச்சடித்தது போல் எழுதுகிறேன் என்று வைத்த பேர். தட்டுகளில் எழுதுவது, பதிவேடு எழுதுவது. இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே அத்தான்தான்.

பிப்ரவரி 6

புதிதாக வந்த ஒருத்தியிடம் அத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே எழுதினேன்.

"கரன்ட் ஏத்தி முடிச்ச கையோட அளந்தா செங்கல் பொய் சொல்லும்மா. எல்லாமே நல்லதுதான்னு காட்டும். ஒரு ராத்திரி முழுக்க தொடாம வை. ஆறட்டும். அப்புறம் அள. உள்ளுக்குள்ள கசியுதா இல்லையான்னு அப்பதான் வெளிய வரும்."

பதிவேட்டில் அதற்காக இரண்டு கட்டங்கள். ஆறுமுன். ஆறிய பின். ஏற்றியதும் நான் தட்டில் 'ஆற' என்று எழுதுவேன். ஆற வைக்கவும் என்பதன் சுருக்கம். மறுநாள் அத்தான் தன் மீட்டரால் அளந்து எண் சொல்வார். இரண்டாவது கட்டத்தில் எழுதுவேன். தேறியதென்றால் தட்டில் இருப்பதை அழித்து, எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று எழுதுவேன்: ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணால் எழுதக்கூடாது, எழுத்தால்தான். தட்டு முழுக்க ஏற்கெனவே எண்கள், குழம்பும். இது அத்தான் போட்ட விதி.

சாயங்காலம் பதிவேட்டின் அடியில் அவர் கையெழுத்துப் போடுவார்.

பிப்ரவரி 8

அக்கா வீட்டு மாடிப்படியின் அடியில் என் கட்டில். தலைக்கு மேல் ஆள் நடக்கும் சத்தம். வாலு (அக்கா மகள், ஆறு வயது) படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சித்தி, நீ எப்பக் கல்யாணம் பண்ணி இந்த இடத்தைக் காலி பண்ணுவ? எனக்கு பொம்மை வீடு வைக்கணும்" என்றாள்.

அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, "அவ காலி பண்ணினா பதிவேட்டை யாருடி எழுதுறது? உன் பொம்மையா?" என்றார்.

இந்த வீட்டில் இடம் என்பது சதுர அடியில் இல்லை. இப்படிச் சொல்வதில் இருக்கிறது.

பிப்ரவரி 11

எட்டுச் செங்கற்கள் கடைசியாக ஏறி முடிந்தன. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மார்க்கரில் மை வற்றிவிட்டது. அழுத்தி இழுத்து எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பிப்ரவரி 12

அத்தான் காலையில் வாலுவின் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மதிப்பெண் அட்டையில் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அங்கிருந்தே தகடுகள் இருக்கும் வெளிக்குப் போய்விட்டார். அங்கே போன் எடுக்காது.

நான் பட்டறைக்குப் போனபோது நேற்றைய தட்டு காலி. "மாட்டியாச்சு" என்றார் நட்டு. அப்படியானால் அத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் வந்து அளந்துவிட்டார் என்று நினைத்தேன். சில நாள் அப்படிச் செய்வார்; எண்களை வாயால் சொல்லுவார். இன்று சொல்ல மறந்திருக்கிறார்.

மேலாளரம்மா பதிவேட்டை மதியத்துக்குள் கேட்டார். ஆறிய பின் என்ற கட்டம் எட்டு வரிசைக்கும் வெறுமையாக இருந்தது. வெறுமையாகக் கொடுத்தால் ஏன் என்பார். முதல் கட்டத்து எண்களைப் பார்த்தேன். 49.82. 49.79. ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறைத்து எழுதினேன். 49.71. 49.69. நல்ல செங்கல் அப்படித்தான் குறையும். எத்தனை மாதமாக எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா.

சாயங்காலம் அத்தான் வந்தார். நான் நீட்டினேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "வாலு கணக்குல நூத்துக்கு நூறு" என்றார். "எழுத்துலதான் கொம்பு, சுழி எல்லாத்தையும் முழுங்கிடறாளாம்."

கேட்க நினைத்திருந்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். பிறகு மறந்துபோனது.

பிப்ரவரி 14

கன்டெய்னர் இன்று முதல் ஊருக்கு மின்சாரம் தருகிறது. சூரியன் போன பிறகும் தெருவெல்லாம் விளக்கு எரிகிறது. அத்தான் வாசலில் நின்று ஒவ்வொரு சன்னலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா உள்ளேயிருந்து, "கண்ணு வச்சிராதீங்க" என்றாள்.

பிப்ரவரி 24

கன்டெய்னர் எரிகிறது.

பிப்ரவரி 25

இன்னும் எரிகிறது. தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அணைக்க இல்லையாம்; பக்கத்தில் பரவாமலிருக்க.

நேற்று நல்ல வெயில். மதியம் ஒன்றரைக்குப் பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு வாசனை. இனிப்பாக, பெயின்ட் கடை மாதிரி. அத்தான் டிபன் பாக்ஸை மூடினார். அதை மூடியதுதான் நினைவிருக்கிறது. மெதுவாக, கிளிப்பைப் போட்டு. பிறகு ஓடினார். கன்டெய்னரின் பக்கத்தில் இருக்கும் பெரிய சுவிட்சை இழுத்துவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் ஏறாது. இழுத்தும்விட்டார். அதற்குள் ஆறாவது அடுக்குப் பக்கக் கதவு பறந்தது.

வலது கை. மூச்சுக்குழாய். புகைதான் மோசம் என்றார் டாக்டர்.

ஆறாவது அடுக்கு.

பிப்ரவரி 28

ஆஸ்பத்திரி. நீளமான நடைபாதை; பச்சைக் கோடு போட்ட வழியில் போனால் தீக்காயப் பிரிவு. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து வாலுவின் பாவாடைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியை விட்டால் அழுதுவிடுவேன் என்றாள்.

அத்தானால் பேச முடியவில்லை. இடது கையால் காற்றில் எழுதினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி எழுதினார். 'எது?'

எந்தச் செங்கல் என்று கேட்கிறார்.

தெரியலை அத்தான் என்றேன். உண்மையிலேயே தெரியாது.

மார்ச் 3

நட்டு டீக்கடையில். டம்ளரைப் பிடித்திருந்தார். வாயில் நட்டு இல்லை. அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது.

"அந்த எட்டும் மத்ததோட சேராம தனியா வந்துச்சுல்ல, பதினொண்ணாந்தேதி தட்டு. அதுலதான் எதோ இருந்திருக்கும். எனக்கு மனசு சொல்லுது."

"எந்தத் தட்டு?"

"நீ எழுதினதுதான். ஆறுன்னு எழுதியிருந்தே. காலைல வந்ததும் கொண்டுபோய் ஆறுல மாட்டினேன்."

நான் ஆறு என்று எழுதவில்லை.

ஆற என்று எழுதினேன். மை வற்றிய மார்க்கரை அழுத்தி இழுத்தேன். ற-வின் கால் சுழித்துக்கொண்டது. ஓடுகிற அவசரத்தில் ஒரு சுழி. ஆற வைத்து அளக்க வேண்டிய எட்டுச் செங்கற்களும் யாரும் அளக்காமல், நேராக ஆறாவது அடுக்குக்குப் போயிருக்கின்றன.

அத்தான் அன்று காலை பட்டறைக்கு வரவே இல்லை.

நட்டு டீயைக் குடித்து முடித்தார். "உன் எழுத்துல என்ன தப்பு வரும்? உள்ள இருந்த சரக்குதான் சரியில்ல" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்.

மார்ச் 4

சுழி என் தப்பு. கை செய்தது. அதை மன்னித்துக்கொள்ளலாம்.

அந்த எட்டு எண்களை எழுதியது யார்?

வெறுமையாக விட்டிருந்தால் மேலாளரம்மா அன்று மதியமே ஏன் என்று கேட்டிருப்பார். தேடியிருப்பார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. கடைசிப் பத்து நாளும் அது அங்கே ஏறி இறங்கி ஏறி இறங்கி

மார்ச் 7

விசாரணை. வெளியிலிருந்து வந்தவர், வயதானவர், மரியாதையானவர். பதிவேட்டைத் திருப்பி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

விரல் எங்கே இருந்தது? எண்களின் மேலா, அடியில் இருந்த பெயரின் மேலா? நடுவில் இருந்தது. நான் பார்த்தேன். நடுவில்.

"அத்தானுது" என்றேன்.

ஒரே சொல் இரண்டுக்கும். எழுதுகிற விதத்துக்கும் அதுதான், அடியில் போடும் பெயருக்கும் அதுதான். நான் பொய் சொல்லவில்லை என்று யார் வேண்டுமானாலும் வாதாடலாம். மொழியைப் படித்தவள் நான்தான் முதலில் வாதாடினேன், படி இறங்குவதற்குள்.

மார்ச் 16

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சோதித்துத் தேறியதாகக் கையெழுத்திட்ட செங்கல் எரிந்திருக்கிறது. கடிதத்தில் இரண்டே வரி. நான் வேலையில் இருக்கிறேன். இப்போது வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்.

இதைக் காரணமாக எழுதவில்லை. இல்லை, காரணமாகத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 19

அத்தானுக்கு மெல்லிய குரல் வந்திருக்கிறது. அதில் முதலில் முழுசாகப் பேசியது:

"நான்தான் தப்பா படிச்சிருக்கேன். அன்னிக்கு சன்னல் வழியா வெயில் நேரா மீட்டர் மேல அடிச்சுது. கண்ணு கூசிச்சு. ஒன்பதை ஏழுன்னோ எதையோ... நான் சொல்ல சொல்ல இவ எழுதினா. இல்ல, அச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். வாலு என்னைப் பார்த்தாள்.

அப்படி ஒரு காலை நடக்கவே இல்லை. அவர் அதை உண்டாக்கியிருக்கிறார். சன்னல், வெயில், கூசும் கண், எண் சொல்லும் குரல், எழுதும் நான். பதிவேட்டில் எண் இருக்கிறது. எண் இருந்தால் அளந்திருக்க வேண்டும். அளந்திருந்தால் அது இப்படித்தான் நடந்திருக்கும். என் எட்டு எண்களுக்கு அவர் ஒரு நாளையே கட்டிக்கொடுத்துவிட்டார்.

நான் தலையை எப்படியோ அசைத்தேன். ஆமாம் போலவும் இருக்கும், இல்லை போலவும் இருக்கும்.

மார்ச் 23

மீட்டரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

மார்ச் 26

அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பார்க்க எழுந்து போகிறார். பார்த்துவிட்டு வருகிறார். உட்காருகிறார். எழுந்து போகிறார். பிறகு வாலுவை அனுப்புகிறார். "நீ போய்ப் பாரு கண்ணு. அப்பா கண்ணு சரியில்ல."

அவள் ஓடிப்போய் வந்து, "அணைஞ்சுதான் இருக்கு சார்!" என்று சல்யூட் அடிக்கிறாள். அவளுக்கு இது விளையாட்டு.

கடிகாரத்தில் மணி என்ன என்றுகூட இப்போது அவளிடம்தான் கேட்கிறார்.

மார்ச் 30

ஊரில் சாயங்காலம் மூன்று மணி நேரம் விளக்கில்லை. மதியத்தில் வேண்டிய மட்டும் மின்சாரம். வாங்கிவைக்க இடமில்லாமல் தகடுகளைப் பாதிப் பாதியாக அணைத்துவைக்கிறார்கள். வெயில் சும்மா தரையில் விழுகிறது.

தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடம் ஒருத்தி: "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல மெழுகுவத்திக்காரன் மாடி வீடு கட்டிட்டான்."

அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு, "நீயும் ஒரு தளம் எழுப்பிக்கோ, உன் வாயில இருக்கிற வெறும் காத்தை வித்து" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 2

சொல்லிவிடலாம் என்று தினமும் போகிறேன். அவர் இருமுகிறார். இன்று வேண்டாம், ஆறட்டும் என்கிறேன். யார் ஆற? எது? புண் ஆறும், சூடு ஆறும், பசி ஆறும், கோபம் ஆறும், மனசு ஆறும். வேண்டாத பேச்சைக் கிடப்பில் போடுவதற்கும் ஆறப்போடுவது என்றே பேர். இந்த மொழி எனக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கக்கூடாது.

ஏப்ரல் 4

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லேன்டி."

"என்னன்னு?"

"உங்க மேல தப்பில்லன்னு. மீட்டர் கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லு. இல்ல, நீதான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. பொய்தானே, சொன்னா என்ன கெட்டுப்போச்சு? நீ சொன்னா நம்புவார். மனுஷன் உள்ளுக்குள்ளயே கரைஞ்சுட்டிருக்கார். எனக்குப் பார்க்கத் தெம்பில்ல."

அவருடைய சட்டையை மடித்தாள். வலது கையை மட்டும் தனியாக நீவிவிட்டு மடித்தாள்.

ஏப்ரல் 5

சொல்லிவிட்டேன்.

காலை, வெளிச்சத்தில், வாசல் நாற்காலியில் அவர், படியில் நான். எல்லாவற்றையும். மார்க்கர், பஸ், ஆற, ஆறு, காலித் தட்டு, எட்டு எண்கள். "நீங்க அன்னிக்கு வரவே இல்ல அத்தான். வாலு ஸ்கூலுக்குப் போனீங்க. நான்தான் எழுதினேன். நீங்க அளக்கல. யாருமே அளக்கல."

அவர் கேட்டார். முடித்ததும் சிரித்தார். தீப்பிடித்த பிறகு முதல் சிரிப்பு.

"உங்கக்கா சொல்லிக்குடுத்தாளா?"

"இல்ல, நெசமா..."

"நேத்து நான் தூங்கலம்மா. கண்ணை மூடிட்டிருந்தேன்." தீய்ந்த கையை என் தலையில் வைத்தார். அதில் எடையே இல்லை. "ஸ்கூலுக்குப் போனது அதுக்கு மறுநாள். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உன் எழுத்தையாவது, ஒருத்தன் தப்பா படிக்கிறதாவது. கதை கட்டினாலும் நம்புற மாதிரி கட்ட வேணாமா? நீ ஆறுதலுக்குச் சொல்றே. அது போதும் எனக்கு. என் பழியை ஏத்துக்க இந்த வீட்ல ஒருத்தி வந்தா பாரு. அது போதும்."

அழுதேன். அதையும் அவர் வேறுவிதமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்து. பக்கத்தில் அவர் கையாலேயே தேதி. எதற்கும் தேதி போடாமல் அவர் விடமாட்டார். பெட்டி என் கட்டிலுக்கு அடியில். இரண்டு அடி தூரம்.

எடுத்துக் காட்டவில்லை.

அவர் நம்பாமல் போனது எனக்கு வசதியாக இருந்தது. சொல்லியும் ஆயிற்று; எதையும் இழக்கவும் இல்லை. இந்த வாக்கியத்தை எழுதிய பிறகு இதற்கு மேல் கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஏப்ரல் 9

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "நல்லா சொன்னேடி. இப்பல்லாம் கொஞ்சம் சாப்பிடறார்."

ஏப்ரல் 15

புதிய கன்டெய்னருக்கு வேலை தொடங்கியிருக்கிறது. அத்தான் இடத்தில் வேறொருவர் அளக்கிறார். எண்ணை மூக்கால் சொல்கிறார். எழுதுகிறேன். ஆறிய பின் கட்டத்தில் எழுதும்போதெல்லாம் அவர் மீட்டரை வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நட்டு கவனித்துவிட்டு, "என்ன அச்சு, புது மாப்பிள்ளையை இப்படிப் பார்க்கிறே?" என்றார். சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 24

வாலுவுக்கு வீட்டுப்பாடம். ஒன்று முதல் பத்து வரை எழுத்தால் ஐந்து தரம் எழுத வேண்டும். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே, வெங்காயம் நறுக்கிக்கொண்டு. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது.

"நாலு, அஞ்சு... இது என்னடி?"

"ஆறு."

"ஆறு எங்க இருக்கு? ஆறன்னு இருக்கு. சுழியை முழுங்கிட்டே. சுழி போட்டாத்தான் ஆறு. போடலைன்னா..."

நிறுத்தினார்.

வாலு பென்சிலை எடுத்துச் சுழி போட்டாள். ஒரு சின்ன இழுப்பு. "இப்ப ஆறு. சரியாப்பா?"

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடமிருந்து ரப்பரை வாங்கி, சுழியை அழித்தார். பார்த்தார். பென்சிலை வாங்கி, இடது கையால், சுழி போட்டார். பார்த்தார். மறுபடி அழித்தார்.

"அப்பா, தாள் கிழியும்!"

"வாலு, உன் மார்க் அட்டையை எடுத்துட்டு வா."

அவள் என் கட்டிலுக்கு அடியில் புகுந்து தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

அட்டையைத் திறந்தார். அடியில் அவர் பெயர். 12.2.

என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அட்டையை மூடி, அவளிடம் கொடுத்து, "பத்திரமா வை" என்றார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினார். அக்கா அடுப்படியிலிருந்து, "என்னங்க, என்ன வேணும், விழுந்து வைக்காதீங்க" என்று கத்தினாள். பரணிலிருந்து துணிச்சுருளை இறக்கினார். தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். இடது கையால் அவிழ்க்க நேரம் பிடித்தது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 25

சுவர்க் கடிகாரத்து பேட்டரி, ரிமோட்டு, வாலுவின் பொம்மை ரயில். எல்லாவற்றையும் கழற்றி அளந்துகொண்டிருக்கிறார். முணுமுணுவென்று எண் சொல்கிறார். எழுத ஆளில்லை.

அடுப்பைப் பார்க்க எழுந்து போகவில்லை.

என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 27

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லியிருக்கிறார். திட்டுவாள் என்று நினைத்தேன். என் துணிகளை மடித்துவைத்தாள். எல்லாவற்றையும், ஒழுங்காக, கட்டிலின் மேல். கடைசித் துணியை வைத்த பிறகு:

"நான் பொய் சொல்லச் சொன்னேன். நீ உண்மையைச் சொன்னே. இல்ல? அப்ப அந்த அட்டையை ஏன்டி எடுத்துக் காட்டல?"

பதில் இருக்கிறது. ஏப்ரல் 6 பக்கத்தில்.

மே 2

மேலாளரம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். பதினொன்றாம் தேதித் தட்டில் நான் எழுதியது என்ன, அது எப்படிப் படிக்கப்பட்டது, பன்னிரண்டாம் தேதிப் பதிவேட்டில் எட்டு எண்களை நான் எங்கிருந்து எடுத்தேன். ஒரு பக்கம். நட்டுவின் பேர் வரும் இடத்தில் அவர் படித்ததில் தப்பில்லை என்று தனியாக எழுதினேன். அடியில் பெயர் போட்டேன். இரண்டு கையெழுத்தும் என்னுடையது.

படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை மார்ச்லயே குடுத்திருக்கலாமே" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாதவர் போல், "எவ்வளவு தெளிவா எழுதறே" என்றார்.

பட்டறைச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வாசலில் நட்டு. தெரிந்திருந்தது. வாயிலிருந்து ஒரு நட்டை எடுத்தார், ஏதோ சொல்வதற்கு. பிறகு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

மே 9

அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது. இன்னும் சிரிக்க வரவில்லை.

அத்தானைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கடிதத்தில் இந்த முறை மூன்று வரியாம். இருமல் இன்னும் நிற்கவில்லை. புகையில்லாத மூலையில் உட்காரவைத்து, வாரத்துக்கு மூன்று நாள்.

மே 18, ஞாயிறு

கதவை யாரோ காலால் உதைத்தார்கள். வாலு. தெருமுனைவரை கூட்டிவந்த அக்கா, அவள் என் கதவை எட்டும்வரை நின்று பார்த்திருக்கிறாள். நான் வெளியே வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

"சித்தி, உன் ரூம்ல படியே இல்ல. எங்க எட்டிப் பார்க்கிறது?" சுற்றிப் பார்த்தாள். "பொம்மை வீட்டை உன் இடத்துல வச்சாச்சு. அப்பா லைட் போட்டுக் குடுத்தாங்க."

"அப்பா எப்படி இருக்காங்க?"

"வேலைக்குப் போறாங்க. இங்க சாயங்காலம் கரன்ட் இல்லல்ல, அதான் இது." பையிலிருந்து பழைய சார்ஜ் டார்ச்சை எடுத்தாள். அக்கா வீட்டில் என் தலைமாட்டில் இருந்தது. ஒளி மங்கிப்போய்க் கிடந்தது. "உள்ள பேட்டரியை மாத்தி, ஃபுல்லா ஏத்தி, அப்பாவே அளந்து குடுத்தாங்க."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

யோசித்தாள். "வழில தட்டாம எடுத்துட்டுப் போன்னு சொன்னாங்க."

அவள் போன பிறகு பார்த்தேன். டார்ச்சைச் சுற்றி ஒரு தாள், ரப்பர் பேண்டு போட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள். இடது கை எழுத்து. கோடு கோணலாக, ஆனால் ஒவ்வொரு சுழியும் இருந்தது.

ஆறுமுன்: 4.17

ஆறிய பின்:

அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. தேதி இருந்தது.

சன்னலருகே வைத்திருக்கிறேன். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பேனா கையில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை.